குக்கரில் வெந்த எஞ்சின்

அந்த வருடம் எங்கள் வீட்டில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த சாமான்கள் ஒவ்வொன்றையும் அப்பா ரிப்பேர் செய்தார். முதலில் மிக்ஸி. அதில் ஏதோ உறுமல் கேட்கிறது என்று பிரித்துப் போட்டார். திரும்பப் பூட்டியபோது உறுமல் போயிருந்தது, ஆனால் மூடி நிற்கவில்லை. அம்மா சட்னி அரைக்கப்போக, அது கூரைவரை போய் ஒட்டிக்கொண்டது. பிறகு காலிங் பெல். அப்பா கை வைத்த பிறகு யாராவது அழுத்தினால் அது அடிக்காது, யாரும் அழுத்தாத மத்தியான நேரத்தில் தானாக அடிக்கும். இஸ்திரிப் பெட்டி, டேபிள் ஃபேன், என்னுடைய ஜியோமெட்ரி பாக்ஸ் என்று எல்லாம் அவர் கைக்குப் போய் ஏதாவது ஒரு குறையோடு திரும்பின.

அப்பா குவைத்திலிருந்து வந்திருந்தார். அங்கே ஒரு கம்பெனியில் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்தவர். சண்டை வந்ததும் எல்லோரையும் போலப் பாலைவனத்தைத் தாண்டி, கூடாரங்களில் கிடந்து, ஒரே ஒரு தோள்பையோடு காக்ஸ் டவுனில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் வந்து நின்றார். அதற்கு முன்பு எனக்குத் தெரிந்தது லீவில் வருகிற அப்பா மட்டும்தான். சென்ட் வாசனையோடு வருவார், சாக்லேட் கொடுப்பார், நான் அவரோடு பழகி முடிப்பதற்குள் கிளம்பிவிடுவார். இப்போது முழுசாகக் கிடைத்துவிட்டார். சொந்தக்காரர்கள் வந்து உச்சுக் கொட்டிவிட்டுப் போனபோது நான் மட்டும் உள்ளூரச் சந்தோஷமாக இருந்தேன். எனக்கு ஒன்பது வயது. வேலை, சம்பளம் என்பதெல்லாம் அம்மாவின் கவலை. அம்மா பக்கத்துத் தெரு நர்சரிப் பள்ளியில் மிஸ்ஸாக இருந்தார்.

கிடைத்த அப்பா உட்காரவே மாட்டார் என்பதுதான் ஒரே குறை. காப்பியை நின்றுகொண்டே குடிப்பார். மார்க்கெட்டுக்குப் போய், எதை வாங்கப் போனோம் என்பது மறந்து வெறுங்கையோடு வருவார். வாசற்படியில் ஞாபகம் வந்து மறுபடி போவார். சர்ச்சில் பிரசங்கம் ஆரம்பித்ததும் வெளியே போய் மரத்தடியில் நடக்க ஆரம்பித்துவிடுவார். ஈஸ்ட் ஸ்டேஷன் பக்கம் ரயில் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார், ரயில் போன பிறகும் நின்றுகொண்டிருப்பார். எனக்கும் அதே வியாதி உண்டு. இன்றைக்கும் ஒரு சினிமாவை என்னால் முழுசாக உட்கார்ந்து பார்க்க முடியாது. அப்போது வகுப்பில் என் கால் ஆடுகிற ஆட்டத்தில் பெஞ்சே ஆடும். "அப்பனும் பொண்ணும் என் உயிர வாங்கறதுக்குன்னே வந்து சேந்திருக்கீங்க" என்பார் அம்மா.

பரணில் ஒயர் தேடப் போனபோதுதான் அந்த பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே பழைய பனியன் துணியில் சுற்றி ஒரு எஞ்சின். பெரிய எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். ஆனால் ஸ்கூட்டர் எஞ்சினில் இருக்கிற எல்லாம் அதிலும் குட்டியாக இருந்தன. முன்னால் மரத்தில் செய்த விசிறி, தலையில் சின்ன பிளக், பக்கத்தில் புகை வருகிற வாய். அதன் உடம்பு முழுக்கக் காப்பிப் பொடி நிறத்தில் ஏதோ காய்ந்து போயிருந்தது. அப்பாவின் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்தை அதற்கு முன்பு சாக்லேட் கொடுக்கும்போதுகூட நான் பார்த்ததில்லை.

ஐடிஐ படித்த காலத்தில் அப்பாவும் நண்பர்களும் பொம்மை விமானம் கட்டிப் பறக்கவிடுவார்களாம். ஒருவர் மைதானத்தின் நடுவில் நின்று மெல்லிய கம்பியைப் பிடித்துக்கொள்ள, விமானம் அவரைச் சுற்றிச் சுற்றிப் பறக்குமாம். அப்போது வாங்கிய ஜப்பான் எஞ்சின் இது. "இதுக்கு பெட்ரோல் கெடயாது. மெத்தனால்னு ஒரு ஸ்பிரிட்டு, அதுல வெளக்கெண்ணெய் கலந்து ஊத்தணும்" என்றார் அப்பா. விளக்கெண்ணெய் என்றதும் நான் நம்பவில்லை. பள்ளிக்கூட லீவு விட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு எனக்குப் புகட்டுகிற அதே எண்ணெயில் ஒரு எஞ்சின் ஓடும் என்றால் யார் நம்புவார்கள்?

"ஓட வெச்சுட்டு, உனக்கு ஒரு பிளேன் கட்டித் தரேன்" என்றார்.

அவ்வளவுதான். பிளேன் கட்ட எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது முடிகிறவரை அப்பா எங்கேயும் போக முடியாது என்று மட்டும் கணக்குப் போட்டேன். முடிந்த பிறகு இன்னொன்று கேட்டால் போயிற்று.

சிட்டி மார்க்கெட் பக்கம் போய் மெத்தனால் வாங்கிவந்தார். மருந்துக் கடையில் விளக்கெண்ணெய் வாங்கினார். டானிக் பாட்டிலில் டிரிப் ஏற்றுகிற குழாயைச் சொருகி எண்ணெய் டாங்க் செய்தார். ஒரு பழைய ஸ்டூலைக் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போட்டு, அதன் மேல் எஞ்சினை போல்ட் வைத்து முறுக்கினார். எல்லா ஏற்பாடும் முடிந்து, விரலால் விசிறியைச் சுற்றினார். அது அசையவில்லை. அழுத்திச் சுற்றினார். ஸ்டூல்தான் நகர்ந்தது.

"துரு பிடிச்சுக்கிச்சு" என்றார் அப்பா. சீமெண்ணெயில் ஊறப்போட்டார். எடுத்துச் சுற்றினார், மறுபடி ஊறப்போட்டார். மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிற மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தன் பங்குக்கு யோசனைகள் சொன்னார். மாமா பாங்க் குமாஸ்தா. ஸ்க்ரூ டிரைவரைத் தலைகீழாகப் பிடிக்கக்கூடியவர். ஆனால் யோசனைக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. அவர் என் அப்பாவை 'மாமா' என்று கூப்பிடுவார். "மாமா, தேங்காண்ணெய் விட்டுப் பாருங்களேன். எங்க ஆபீஸ் பூட்டு அப்படித்தான் தெறந்துச்சு" என்றார். அதையும் விட்டுப் பார்த்தார்கள்.

ஒரு சாயங்காலம் ஸ்பானர் வழுக்கி அப்பாவின் கை கிழிந்தது. ரத்தத்தை அவர் துடைக்கவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, அதை யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன மாதிரி நின்றார். "இதுவும் போச்சு" என்றார். எஞ்சினைச் சீமெண்ணெய் டப்பாவில் போட்டுவிட்டு, "பழைய பேப்பர்காரன் வந்தா குடுத்துடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். டப்பாவுக்கு வெளியே மர விசிறி மட்டும் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் அப்பா உட்கார்ந்தார். ஜன்னலோரம் இருந்த நாற்காலியில் காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். ரயில் சத்தத்துக்கு எழுந்திருப்பதில்லை. ஃபியூஸ் போனபோதுகூட எழுந்திருக்கவில்லை, அம்மாதான் ஸ்டூல் போட்டு ஏறினார். அவர் நடந்துகொண்டே இருந்தபோது எரிச்சலாக இருந்தது. உட்கார்ந்த பிறகு அந்த எரிச்சலே தேவலை என்று தோன்றியது. நானும் அம்மாவும் அவருக்கும் சேர்த்து நடக்க ஆரம்பித்தோம். நான் வாசலுக்கும் கொல்லைக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். அம்மா துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைத்தார்.

இந்தச் சமயத்தில் மாமா ஒரு செய்தி கொண்டுவந்தார். மஸ்கட்டில் ஒரு கம்பெனிக்கு மெக்கானிக்குகள் வேண்டுமாம். "பம்பாய்ல டிரேட் டெஸ்ட் வெக்கிறாங்க மாமா. ஒரு எஞ்சினப் பிரிச்சுக் குடுத்துடுவாங்க. கோத்து, ஓட வெச்சுக் காட்டணும். ஓடுச்சுன்னா நேரா விசாதான். உங்களுக்கு அதெல்லாம் ஜுஜுபி" என்றார்.

அப்பா கட்டுப் போட்டிருந்த கையையும் மற்றக் கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டார். "பாக்கலாம்" என்றார்.

மாமா ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார். அப்பா ஒவ்வொரு ஞாயிறும் "பாக்கலாம்" என்றார். அப்பா போகவில்லை என்பதில் எனக்குப் பரம நிம்மதி. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது மட்டும் தீர்ந்துவிட்டால் போதும் என்று இருந்தது. அம்மா சமையலறையில் மாமாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னதை நான் கேட்டேன். "அந்தச் சனியன் ஒரு தடவ ஓடிட்டா போதும்டா. எல்லாம் சரியாயிடும்." நான் நினைத்ததையே அம்மாவும் நினைக்கிறார் என்று எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. எஞ்சின் ஓடினால் அப்பா எழுந்திருப்பார், பிளேன் கட்டுவார், எங்களோடு இருப்பார்.

பழைய பேப்பர்காரன் வந்த அன்று நான் எஞ்சினை எடுக்கப் போனேன். கொடுக்க இல்லை, ஒளித்துவைக்க. அம்மா அதை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். சுரண்டியதை முகர்ந்தார்.

"இது துரு இல்லடி" என்றார். "பிசுக்கு. நம்ம வடச்சட்டி அடியில புடிக்குது பாரு, அந்த மாதிரி. வெளக்கெண்ணெய் காஞ்சு இறுகியிருக்குது. இதப் போயி சீமெண்ணெய்ல போட்டா எப்படி வரும்? கொதிக்க வெக்கணும்."

"சோடா போட்டா?" என்றேன். வடைச்சட்டிக்கு அம்மா அதைத்தான் போடுவார்.

"இது அலுமினியம். சோடா போட்டா கறுத்துப் போயி உங்கப்பா கண்டுபுடிச்சுடுவாரு. வெறும் தண்ணி போதும்."

அப்பா வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் எதைக் கொதிக்க வைப்பது? சனிக்கிழமை ரேஷன் கடையில் சீமெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று சொல்லி அம்மா அவர் கையில் கேனைக் கொடுத்து அனுப்பினார். அந்த வரிசையில் நின்றவர் மத்தியானத்துக்கு முன் திரும்பியதாகச் சரித்திரம் கிடையாது. அப்பா தெருமுனை திரும்பியதும் அம்மா அவருடைய டூல் பெட்டியைத் திறந்தார். விசிறியைக் கழற்றினார். எஞ்சினைத் துணியில் முடிந்து, ஒரு கிண்ணத்தில் வைத்து, குக்கருக்குள் இறக்கி மூடினார். எனக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது. "வெடிச்சுடுமாம்மா?" என்றேன். "கொத்துக்கறியே வெடிக்கல" என்றார் அம்மா.

விசில் வந்துகொண்டே இருந்தது. இறக்கி, இடுக்கியால் எடுத்து, விசிறியை மாட்டி, பிடிதுணியைச் சுற்றி அம்மா திருப்பினார். அசையவில்லை. மறுபடி குக்கர், மறுபடி விசில். வாசலுக்குப் போய் அப்பா வருகிறாரா என்று பார்த்துவிட்டு ஓடிவருவது என் வேலை. நான் ஓடிய ஓட்டத்தில் வீட்டு ஓனர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். மூன்றாவது தடவை அம்மா எஞ்சினை முந்தானையோடு மார்பில் அணைத்துப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துத் திருப்பினார். 'கிறீச்' என்று ஒரு சத்தம். விசிறி நூலளவு நகர்ந்தது. புகைவாயிலிருந்து வெல்லப்பாகு மாதிரி ஏதோ கசிந்தது. அம்மா இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார், கொஞ்சம் கொஞ்சமாக இடம் விட்டு, கடைசியில் முழுச் சுற்று சுற்றியது. நானும் அம்மாவும் சமையலறையில் கைகோத்துக் குதித்தோம். அம்மா குதித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த கவலை ஈரம். உள்ளே இருக்கிற இரும்பில் தண்ணீர் நின்றால் நிஜமாகவே துரு பிடித்துவிடும். ஈரத்துக்கு அம்மாவிடம் ஒரே வைத்தியம்தான் உண்டு, அரிசி டிரம். உப்பு நீர்த்தால் நாலு அரிசி போடுவார். மாங்காயைப் பழுக்க வைப்பதும் அதற்குள்தான், ஊருக்குப் போகும்போது செயினை ஒளித்துவைப்பதும் அதற்குள்தான். எஞ்சினும் அரிசிக்குள் போனது. துணி சுற்றி வைக்கலாமே என்று நான் கேட்டதற்கு, "துணி சுத்தினா ஈரம் எப்படி போவும்?" என்றார். அப்போது சரியான பேச்சாகத்தான் தோன்றியது.

குக்கரைப் புளி போட்டு, சபீனா போட்டு, மறுபடி புளி போட்டுத் தேய்த்தும் ரப்பரில் ஏறிய வாசனை போகவில்லை. மத்தியானம் அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"பருப்புல என்ன வாசன?"

"புது எண்ணெய்ல தாளிச்சேன்" என்றார் அம்மா. என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் புரை ஏறியது. மறுநாள் காலையில் பாத்ரூமுக்கு எனக்கும் அப்பாவுக்கும் போட்டியாகிவிட்டது. அது எண்ணெயின் வேலையா, என்னைப் பொறுத்தவரை பயத்தின் வேலையா என்று சொல்ல முடியாது.

சில நாள் கழித்து அம்மா எஞ்சினை அரிசியிலிருந்து எடுத்துத் தட்டினார், ஊதினார், பழையபடி சீமெண்ணெய் டப்பாவில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும், போகிற போக்கில் சொல்கிற மாதிரி, "ஏங்க, ஸ்டவ்வுக்கு எண்ணெய் பத்தல. அந்த டப்பாவுல உங்க சாமான் எதுக்கு அநியாயமா ஊறிட்டுக் கெடக்குது? எடுத்துட்டு எண்ணெய வடிகட்டிக் குடுங்க" என்றார். மாமா தின்பண்டத் தட்டோடு கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு நிலைகொள்ளவில்லை. துவைக்கிற கல்லின் மேல் ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன்.

அப்பா விசிறியைப் பிடித்துத்தான் தூக்கினார். அது கையில் சுற்றிக்கொண்டது.

மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "டேய்" என்றார் மாமாவைப் பார்த்து. "டேய், விட்டுடுச்சுடா!" சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்டூலை இழுத்தார். ஸ்பானர் எங்கே, டானிக் பாட்டில் எங்கே, டார்ச் செல் எங்கே என்று வீடு முழுக்க ஓடினார். அவர் ஓடுவதைப் பார்த்து நானும் எதற்கென்று தெரியாமல் பின்னாலேயே ஓடினேன்.

பிளக்கைக் கழற்றி டார்ச் செல்லின் ஒயரைத் தொட்டுக் காட்டினார். உள்ளே மயிரிழை மாதிரி இருந்த கம்பிச் சுருள் ஆரஞ்சு நிறத்தில் கனன்றது. மறுபடி மாட்டி, காற்றுப் போகிற துவாரத்தை ஒரு விரலால் அடைத்துக்கொண்டு விசிறியைச் சுற்றி எண்ணெயை உள்ளே இழுத்தார். பிறகு விரலால் சுண்டினார். ஒன்றுமில்லை. மறுபடி சுண்டினார். 'டப்' என்று பின்பக்கமாக உதைத்து, விசிறி அவர் விரல் முட்டியில் அடித்தது. உதறிவிட்டு மறுபடி சுண்டினார். "மாமா, கொஞ்சம் பெட்ரோல் ஊத்திப் பாருங்களேன்" என்றார் மாமா. ஊசி மாதிரி இருந்த ஒரு திருகைக் கொஞ்சம் திறந்தார், சுண்டினார், கொஞ்சம் மூடினார், சுண்டினார். அம்மா துவைத்த துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தார். ஒரே போர்வையை வெகுநேரமாகப் பிழிந்துகொண்டிருந்தார்.

திடீரென்று அது அலறியது. அந்தச் சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. மாமா தட்டைப் போட்டுவிட்டார். காக்கைகள் கிளம்பின. வெள்ளைப் புகையும் தித்திப்பான எண்ணெய் வாசனையும் கொல்லை முழுக்க நிறைந்தன. ஓனர் மாடியில் வந்து நின்று, "ஏனு சார், மனேலே ஏரோப்ளேனா?" என்று கன்னடத்தில் கத்தினார், வீட்டிலேயே விமானமா என்று. அப்பா குனிந்து பிளக்கிலிருந்து ஒயரை எடுத்தார். "எடுக்காதீங்கப்பா, நின்னுடும்!" என்று நான் கூவினேன். நிற்கவில்லை. ஒருமுறை சூடாகிவிட்டால் பிறகு தன் நெருப்பிலேயே ஓடுமாம். அப்பா திருகை மெல்ல மூட மூடச் சத்தம் மெலிந்து கூர்மையானது. பாட்டிலில் எண்ணெய் தீர்கிறவரை ஓடி, சட்டென்று நின்றது. காது கும்மென்றது.

அப்பாவின் முழங்கைவரை கறுப்பு எண்ணெய் தெறித்திருந்தது. துணியால் துடைக்கப் போனவர் நடுவில் நிறுத்தினார். எதையோ விரல்நுனியில் ஒட்டி எடுத்தார். பக்கத்தில் நின்ற எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு அரிசி. ஓரம் கருகி, எண்ணெயில் ஊறி, விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. என் உயிரே போய்விட்டது. புகைவாயின் மூலையில் எங்கேயோ சொருகிக்கொண்டிருந்ததை எஞ்சின் வெளியே துப்பியிருக்கிறது.

அப்பா அதைப் பார்த்தார். தலையைத் தூக்கி, போர்வையைப் பிழிந்துகொண்டிருந்த அம்மாவின் முதுகைப் பார்த்தார். பிறகு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"பாத்தியாடா! சீமெண்ணெய்ல ஊறப்போட்டது வீணாப் போவல. நாள் ஆகும், ஆனா விட்டுடும். என் கை ராசி என்னை விட்டு எங்கடா போவும்?"

"நான்தான் சொன்னேனே மாமா" என்றார் மாமா.

எனக்குப் பொறுக்கவில்லை. அரிசியைத் துடைத்த கையோடு ஒரு மனுஷன் இப்படிப் பீற்றிக்கொள்வாரா? அதைப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால், நிஜமாகவே அப்பாவுக்கு மூளை குழம்பிவிட்டதா? வாயைத் திறந்தேன். அம்மா ஈரப் போர்வையோடு வந்து என் தோளை ஒரு கிள்ளு கிள்ளினார். அந்தக் கிள்ளல் இரண்டு நாள் வலித்தது. அப்பாவின் பக்கம் திரும்பி, "நீங்க கை வெச்சா ஓடாம இருக்குமா?" என்றார். அம்மாவின் முகம் அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அன்று சாப்பிடும்போது, மாமா கேட்காமலேயே அப்பா சொன்னார். "அந்த பம்பாய் டெஸ்ட் எப்பன்னு விசாரிச்சுச் சொல்லு. போயிட்டு வரேன்."

நான் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். அம்மா பின்னாலேயே வந்தார்.

"அவர் இங்கயே இருக்கணும்னுதானேம்மா ஓட வெச்சோம்?" என்று அழுதேன்.

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"ஓடினா எல்லாம் சரியாயிடும்னீங்களே!"

அம்மா என் மூக்கைத் துடைத்தார். "இங்கதான்டி இருந்தாரு, இல்லேங்கல. இருந்த மாதிரியா இருந்தாரு? அந்த நாற்காலில உக்காந்துக்கிட்டு... எனக்கு அதப் பாக்க முடியல. போவட்டும். கை மேல நம்பிக்க வந்து போனார்னா எங்க போனாலும் பரவால்ல." சொல்லிவிட்டு அம்மாவும் அழுதார்.

எனக்கு ஒன்று மட்டும்தான் விளங்கியது: அம்மா என்னை ஏமாற்றிவிட்டார். என்னையே கூட வைத்துக்கொண்டு, என்னையே வாசலில் காவல் நிறுத்தி, என் அப்பாவை ஊருக்கு அனுப்ப வேலை செய்திருக்கிறார். எஞ்சினை மறுபடி கெடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எப்படிக் கெடுப்பது என்று தெரியவில்லை. அதைவிட, அது ஓடிய அழகைப் பார்த்த பிறகு மனசும் வரவில்லை. அப்பாவோ மறுபடி நடக்க ஆரம்பித்திருந்தார். காலிங் பெல்லைத் திரும்பப் பிரித்து, இந்தத் தடவை ஒழுங்காகப் பூட்டினார். ஆளுக்கொரு சிரிப்போடு வீட்டில் இரண்டு பேரும் வளையவந்தார்கள். நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பம்பாய் ரயிலுக்கு நானும் அம்மாவும் சிட்டி ஸ்டேஷன்வரை போனோம். அப்பா ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டார். பிளாட்பாரத்தில் ஆரஞ்சு விற்கிறவனைப் பார்த்து அம்மா அந்தப் பக்கம் போனதும், நான் காத்திருந்த சமயம் வந்தது. பழிவாங்குவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஜன்னல் கம்பியைப் பிடித்து எம்பினேன்.

"அப்பா, அந்த எஞ்சின நீங்க ஓட வெக்கல. அம்மாதான் குக்கர்ல வேக வெச்சாங்க. அரிசி டிரம்முல வெச்சாங்க. உங்க சீமெண்ணெய் ஒண்ணுமே பண்ணல."

அப்பாவின் முகம் விழுந்துவிடும், பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அம்மா எங்கே இருக்கிறார் என்று எட்டிப் பார்த்துவிட்டு, குனிந்தார்.

"தெரியும்டி" என்றார். "எஞ்சின் எங்கயாவது அரிசி திங்குமா? அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் உங்க கை ராசின்னு சொன்னீங்க?"

"உங்கம்மா எவ்ளோ பாடுபட்டிருக்கா. அதுக்குத்தான்." சிரித்தார். "எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாத. அவளுக்காவது என் கை மேல நம்பிக்க இருக்கட்டும்."

அம்மா ஆரஞ்சுப் பொட்டலத்தோடு வந்துவிட்டார். நான் கம்பியை விட்டு இறங்கினேன். கோபமெல்லாம் போய் எனக்கு ஒரே பெருமை. அப்பாவுக்குத் தெரியும் என்று அம்மாவுக்குத் தெரியாது. அம்மா ஏன் செய்தார் என்று அப்பாவுக்குச் சரியாகத் தெரியாது. எல்லாம் தெரிந்த ஒரே ஆள் நான். அப்பா அந்த டெஸ்டில் தேறியதும், மஸ்கட் போய், நான் கல்லூரி முடிக்கிறவரை அங்கேயே இருந்ததும் பின்னால் நடந்தவை. தன் கையால் அது ஓடவில்லை என்று நன்றாகத் தெரிந்துகொண்டே ஒருவர், எஞ்சினைக் கோத்து ஓட வைத்துக் காட்ட ரயில் ஏறுகிறாரே, எதை நம்பி ஏறுகிறார் என்று அந்த ஒன்பது வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பச்சை விளக்கு விழுந்தது. அம்மா ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்கிற எல்லாவற்றையும் சொன்னார். அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஜன்னல் கம்பியின் மேல் இருந்த அவருடைய விரல்கள் ஒரு நிமிடம்கூட நிற்காமல் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தன. அப்பாவுக்குப் பம்பாய் போகிற குஷி என்று நினைத்து, ரயில் நகர்கிறவரை நானும் கீழிருந்து கையை நீட்டி, அதே கம்பியில் அவரோடு சேர்ந்து தாளம் போட்டேன்.